ஒரு நாள் லீவுக்கு எது: காஸ் வன மியூசியமா, கார் மியூசியமா, உடுக்கைப் பாட்டா?

அக்கா பையன் லீவுக்குக் கோவை வந்தால் எடுத்ததும் கேட்பது, "மாமா, எங்க கூட்டிட்டுப் போறீங்க?" மால் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். மிச்சம் மூன்று.

அவன் ஓட்டு கார் மியூசியத்துக்கு. அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பெயரில் 2015இல் திறந்தது. பளபளவென்று இருக்கும், வெயிலுக்கும் இதம். ஆனால் எல்லாமே தூர நின்று பார்ப்பதுதான். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொழிலை ஆரம்பித்த மனுஷனின் கதைதான் எனக்கு அந்தக் கார்களைவிடச் சுவாரசியம்.

என் ஓட்டு, பகல் என்றால், காஸ் வன மியூசியத்துக்கு. 1902இல் வந்தது, வனக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. பையன் பாடம் செய்த விலங்குகளை விட்டு நகர மாட்டான். நான் மர மாதிரிகளிடம் போய்விடுவேன். தேக்கையும் ஈட்டியையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகுதான், அப்பச்சி வீட்டு வாசக்கால் ஏன் அந்தக் கருப்பு என்று புரிந்தது. பழைய கட்டடம், மங்கல் வெளிச்சம். அதுவும் பிடிக்கும் என்றால் போங்கள்.

மூன்றாவது உடுக்கைப் பாட்டு. அதற்கு டிக்கெட்டும் இல்லை, குறித்த நேரமும் இல்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சாட்டியிருக்கிறார்களா என்று சொந்தக்காரர்களிடம் விசாரிக்க வேண்டும். அங்கே உடுக்கையடித்துப் பாடுவது அண்ணன்மார் கதை: பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பி, அவர்கள் தங்கை அருக்காணி, கடைசியில் படுகளம் என்கிற போர்க்களம். ஒரு ராத்திரியில் முடிகிற சமாச்சாரமல்ல. பிரெண்டா பெக் என்ற கனடா ஆய்வாளர் 1960களில் காங்கேயம் பக்கம் வந்து தங்கி அதை டேப்பில் பிடித்தார். மேடை கிடையாது. பாட்டுக்காரர் உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். சங்கர் கோபப்படுவதும் அருக்காணி அழுவதும் அந்த ஒரு பிடியிலேயே வந்துவிடும். பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டுக்கொண்டே இருப்பார்.

சிரமம் உண்டு. சாக்கு விரிப்பு, பனி, கொசு. போன வருஷம் எனக்குக் கண் சொருகியபோது பக்கத்திலிருந்த ஆத்தா தோளைத் தட்டி, "ஏனுங் தம்பி, தூங்கறதுக்கா இத்தன தூரம் வந்தீங்க?" என்றார்.

பையன் எனக்கு முன்னாலேயே மடியில் தூங்கிவிட்டான். கார் மியூசியம் பார்த்துவிட்டு வந்து பைக்கை விட்டு இறங்கியதும் அதை மறந்தவன், மறுநாள் இட்லியைத் தொடாமல் கேட்டான்: "மாமா, படுகளத்துல விழுந்தவங்க எந்திரிச்சாங்களா?"