பிரீமியம் விலை வாங்கிக்கொண்டு சாதாரண பெட்ரோல்: ராமேஸ்வரம் சாலையில் போகிறவர்கள் கவனிக்கவும்

2022 மே கடைசி வாரம் மதுரையிலிருந்து குடும்பத்தோடு தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். என்னுடையது டர்போ எஞ்சின் கார். பெட்ரோல் மூடியின் உட்புறத்திலேயே குறைந்தது 95 ஆக்டேன் வேண்டும் என்று ஒட்டியிருக்கிறது. ராமநாதபுரம் தாண்டியதும் ஒரு பங்கில் நிறுத்தி, “பிரீமியம் 95, முப்பது லிட்டர்” என்று தெளிவாகச் சொன்னேன். ஊழியர் தலையாட்டினார். மீட்டரை மறைத்து நின்றபடி, பின் டயரில் காற்று குறைவாகத் தெரிகிறது என்று என் கவனத்தை அந்தப் பக்கம் திருப்பினார். பிரீமியம் விலைக்குக் கார்டில் பணம் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, இயந்திரத்தில் தாள் தீர்ந்துவிட்டது என்று கையால் எழுதித் தந்தார். அதை நான் வாங்கியிருக்கக் கூடாது.

பாம்பன் சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து இறங்கும். ஐந்து பேர், ஏசி, மே மாத வெயில். அந்த ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் எஞ்சினுக்குள் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்டது. அடுத்த நொடி இழுவை தளர்ந்தது. பின்னால் பஸ் ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டே வந்தது. பக்கத்தில் மனைவி கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். அந்தப் பாலத்தில் ஒதுங்கி நிற்கவும் இடமில்லை.

மாலையில் அறைக்குத் திரும்பியபின் உண்மை தெரிந்தது. பங்கில் மகன் இளநீர் குடிப்பதை மனைவி வீடியோ எடுத்திருந்தாள். அவன் தலைக்குப் பின்னால் மீட்டர் தெரிகிறது. லிட்டர் விலைக் கட்டத்தில் சாதாரண பெட்ரோலின் விலை.

மறுநாள் நேரே அங்கே போனேன். “இரண்டும் பெட்ரோல்தானே அண்ணே, வண்டி ஓடத்தானே செய்கிறது?” என்றார் மேற்பார்வையாளர். வீடியோவைக் காட்டியதும் விலை வித்தியாசம் இருநூறு ரூபாய்ச் சொச்சத்தை எடுத்து நீட்டினார். புகார்ப் புத்தகம் கேட்டேன். முதலாளி வீட்டில் இருக்கிறதாம். அது பங்கிலேயே இருக்க வேண்டிய புத்தகம்.

இரண்டும் பெட்ரோல்தான், ஆனால் ஒன்றல்ல. அன்று சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 91. ஆக்டேன் என்பது சக்தியின் அளவு அல்ல. அழுத்தத்தில் தானாகத் தீப்பிடிக்காமல் தாங்கும் திறனின் அளவு. டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும் எஞ்சினில், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானே வெடித்தால் அந்தச் சத்தம் வரும். நாக்கிங் என்பது அதுதான். சென்சார் அதைக் கண்டுபிடித்துத் தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. எஞ்சின் பிழைக்கும், இழுவையும் மைலேஜும் குறையும். கவனிக்காமல் விரட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து. சாதாரண பெட்ரோலுக்கென்றே செய்த கார் வைத்திருப்பவர்கள் பிரீமியத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அவர்களிடம் “மைலேஜ் கூடும்” என்று வற்புறுத்தி விற்பதும் எனக்குக் கோபம் தருகிறது.

பலர் சொல்லும், ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் கறை படிகிறதா என்று பார்க்கும் வடிதாள் சோதனையோ அடர்த்திச் சோதனையோ இந்த ஏமாற்றைக் காட்டாது. கலப்படத்தைச் சந்தேகித்தால் அவற்றைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் எனக்கு ஊற்றியது கலப்படமில்லாத பெட்ரோலாகவே இருந்திருக்கலாம். நான் கேட்டது அல்ல, அவ்வளவுதான். அதனால் காரிலிருந்து இறங்குங்கள். மீட்டரில் பூஜ்யத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், லிட்டர் விலைக் கட்டத்தையும் குழாயின் மேல் எழுதியிருக்கும் பெயரையும் பாருங்கள். யாராவது மறைத்து நின்றால் விலகச் சொல்லுங்கள். அச்சிட்ட பில் இல்லையென்றால் மீட்டரைப் படம் எடுத்த பிறகே பணம் கொடுங்கள். முடிந்தால் மதுரையிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

தவறான பெட்ரோல் ஏறிவிட்டது என்று தெரிந்தால் பதற வேண்டாம். நாங்கள் தனுஷ்கோடிக்கு ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தே போய்வந்தோம். ஏற்றத்தில் கியரைக் குறைத்தேன், டேங்க் பாதியானதும் 95 ஊற்றினேன். சத்தம் திரும்ப வரவில்லை.

அந்த இருநூறு ரூபாயை நான் வாங்கவில்லை. எண்ணெய் நிறுவனத்துக்கும், தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்கும் கையெழுத்து பில்லின் நகலோடு புகார் அனுப்பியிருக்கிறேன். வீடியோ பத்திரமாக இருக்கிறது.