பைப் வேலை பிரமாதம், அளக்க டேப் பிடிக்கத்தான் மறந்துவிட்டார்கள்: 3 நட்சத்திரம்

ஹூஸ்டன் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். புது இடத்துக்கு மாறியபோது அங்கே சப்ளை 480 வோல்ட், என் மெஷின்கள் எல்லாம் 208. அதனால் 75 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்றை உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அந்த வேலைக்கு வந்த கம்பெனியின் பெயரைப் போடப்போவதில்லை, செய்த தப்பைக் கடைசியில் அவர்களே திருத்திக் கொடுத்தார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன நாளில் வந்தார்கள், பைப் வளைவு ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது, சாயங்காலம் தரையைப் பெருக்கிவிட்டுத்தான் போனார்கள். மறுவாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு மூடியைக்கூடக் கழற்றவில்லை, அந்த அழகான பைப்பை அண்ணாந்து பார்த்தார், ஃபெயில் போட்டுவிட்டார்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து எதிர்ச்சுவர் பேனலுக்கு 8 அடிதான். ஆனால் நடுவே ஃபோர்க்லிஃப்ட் போகிற வழி என்பதால் பைப் 10 அடி மேலே ஏறி, குறுக்கே போய், மறுபடி 8 அடி இறங்குகிறது. பெட்டிகளுக்குள் வளைந்து போவதையும் சேர்த்தால் செகண்டரி வயர், அதாவது 208 வெளியே வருகிற பக்கத்து வயர், 30 அடி ஆகிவிடும். அமெரிக்க மின்விதித் தொகுப்பான என்.இ.சி. 240.21 பார்ப்பது வயரின் நீளத்தை, நாம் நடக்கிற தூரத்தை இல்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து முதல் பிரேக்கர் வரும்வரை 10 அடிக்குள் என்றால் ஒரு விதி, 25 அடிக்குள் என்றால் இன்னொரு விதி. என்னுடையது மாதிரிப் பட்டறையில் உள்ளே ஓடும் வயர் அதற்குமேல் பிரேக்கர் இல்லாமல் போக வழியில்லை.

"பிரைமரியில்தான் 125 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறதே சார்" என்றார் ஃபோர்மேன், 480 உள்ளே வருகிற பக்கத்தைச் சொல்லி. நானும் அப்படித்தான் நினைத்தேன், இன்ஸ்பெக்டர் ஒரு அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டும்வரை. இந்த வகை டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்பார்மரில் (சுருள்களைப் பிரைமரியில் டெல்டாவாகவும் செகண்டரியில் ஸ்டாராகவும் கோர்த்தது) 480 சுருளுக்கு எதிரே 120 சுருள், அதாவது நாலுக்கு ஒன்று; 208 என்பது இரண்டு ஃபேஸுக்கு நடுவே வருவது. செகண்டரியில் ஒரே ஒரு ஃபேஸில் 500 ஆம்பியர் ஓடினாலும் பிரைமரி பக்கம் தெரிவது 125தான், பிரேக்கர் அசையாது. போட்டிருக்கிற 4/0 சைஸ் செம்பு வயருக்கு வரம்போ 230. இரண்டு வயர் சிங்கிள் ஃபேஸ், மூன்று வயர் டெல்டா-டெல்டா, இந்த இரண்டில் மட்டும்தான் பிரைமரி பிரேக்கரை நம்பி செகண்டரி வயரை விட முடியுமாம்.

சரி, திருத்த வந்தார்கள். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துச் சுவரிலேயே பெட்டியோடு ஒரு பிரேக்கர், அதுவரை வயர் 6 அடி, அதற்கப்புறம் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் வண்டியில் இருந்தது 250 என்று அதையே மாட்டப் பார்த்தார்கள். சாதாரண ஃபீடர் (பேனலுக்குக் கரண்ட் கொண்டுபோகிற லைன்) என்றால் 230 ஆம்பியர் வயருக்கு அடுத்த சைஸ் 250 போடலாம்; டிரான்ஸ்பார்மர் செகண்டரிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. இன்ஸ்பெக்டரின் அட்டையை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் தப்பித்தேன். அப்புறம் 225 வந்தது. முழு லோடே 208 ஆம்பியர்தான், தாராளமாகப் போதும்.

திருத்திய வேலைக்குக் கூலி கேட்கவில்லை, பிரேக்கர் விலை மட்டும் என் தலையில். ஒரு நட்சத்திரம் டேப் பிடிக்காததற்குப் போச்சு, இன்னொன்று அந்த 250க்கு. கம்ப்ரஸர் லைன் இழுக்க அவர்களைத்தான் மறுபடி கூப்பிட்டிருக்கிறேன், பைப் வளைக்கிற அந்தப் பையனே வர வேண்டும் என்று சொல்லித்தான்.