"ஃபுல்லா ஸ்டெப்ஸ்தான் அக்கா": பர்வதமலை ட்ரெக்குக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பர்வதமலைக்கு ஒருநாள் ட்ரெக், வேளச்சேரியில் ஏற்றி வேளச்சேரியில் இறக்கிவிடுகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். எந்த வழியாக மலை ஏற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட ஜிபே செய்யாதீர்கள். மலை ஒன்றுதானே, எந்தப் பக்கம் ஏறினால் என்ன என்று தோன்றும். பர்வதமலையைப் பொறுத்தவரை எல்லாமே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கும் செங்கத்துக்கும் நடுவே இருக்கிறது இந்த மலை. உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரம்மராம்பிகை. பௌர்ணமிக்குக் கூட்டம் அள்ளும். ஏறுவதற்கு இரண்டு வழி. தென்மாதிமங்கலம் வழியில் பச்சையம்மன் கோயிலைத் தாண்டி அடிவாரம் வரை சாலை போகிறது, அப்புறம் நெடுநேரம் கல்படி. மோர், வெள்ளரிக்காய், எலுமிச்சை ஜூஸ் விற்கும் கடைகளும் அந்தப் பக்கம்தான் அதிகம். இன்னொன்று கடலாடி வழி. அது காட்டுப்பாதை. உருளும் கல், வேர், மழை பெய்தால் பாதையே ஓடையாகிவிடும் இடங்கள். இரண்டும் மேலே போய்ச் சேர்ந்த பிறகு கடைசி ஏற்றம் எல்லோருக்கும் பொது. செங்குத்துப் பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து இறக்கிச் சங்கிலி கட்டியிருப்பார்கள். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று ஊர்க்காரர்கள் வரிசையாகப் பெயரே சொல்வார்கள். சில இடத்தில் காலுக்குக் கீழே இடைவெளி வழியாகப் பள்ளம் தெரியும்.

இதெல்லாம் தெரிந்துதான், அப்படி விளம்பரம் போட்ட ஒரு குழுவிடம் நான் விசாரித்தேன். கூட வரப்போவது என் அத்தை. ஐம்பத்தாறு வயது, இடது முழங்காலில் தேய்மானம். மல்லிகார்ஜுனருக்குத் தன் கையாலேயே அபிஷேகம் செய்யலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்கு அதே ஞாபகம். வாட்ஸ்அப்பில் நான் கேட்டதும் அவர்கள் சொன்னதும் இன்னும் அப்படியே இருக்கிறது.

"எந்த ரூட்? அத்தைக்கு மூட்டு வலி. படி இருக்கிற பக்கமாகப் போவீர்களா?"

"அக்கா டோன்ட் வொர்ரி. ஃபுல்லா ஸ்டெப்ஸ்தான். நம்ம பேட்ச்ல 65 வயசு அம்மாவே ஏறியிருக்காங்க. பிகினர் ஃப்ரெண்ட்லி."

"ரெண்டு நாளாக அந்தப் பக்கம் மழையாமே?"

"ட்ரெயில் கிளியர் அக்கா. நம்ம டீம் நேத்துதான் செக் பண்ணாங்க."

தலைக்கு 2,400 ரூபாய். பயிற்சி பெற்ற வழிகாட்டி, முதலுதவி, காலை உணவு, தண்ணீர், வனத்துறை அனுமதிக் கட்டணம் எல்லாம் இதிலேயே அடக்கம் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். பெயரை எழுதியும் பெரிய பிரயோஜனம் இல்லை. இதே போஸ்டரை நிறம் மாற்றிப் போடுகிறவர்கள் சென்னையில் நிறையப் பேர்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறத் தொடங்குவோம் என்றார்கள். இரவு வேளச்சேரியில் கிளம்பிய வேன் கிண்டி, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு இடத்திலும் யாருக்காகவோ காத்து நின்றது. திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் ஓட்டுநர் தூங்கிவிட்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன், முந்தின இரவும் அவரை ஓட்ட விட்டிருக்கிறார்கள், பாவம். மலையடிவாரத்தில் இறங்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. காலை உணவு என்றது ஆளுக்கு ஒரு வாழைப்பழம், ஒரு பன். தண்ணீர் அரை லிட்டர் பாட்டில்.

இறங்கிப் பார்த்தால் கடலாடி. பச்சையம்மன் கோயிலையும் காணோம், படியையும் காணோம்.

வழிகாட்டியாக வந்த பையனிடம் கேட்டேன். இருபது வயது இருக்கும், கல்லூரியில் படிக்கிறானாம். "இந்த சைடுதான் அக்கா ஃபாரஸ்ட் ஃபீல் வரும். வியூ செமயா இருக்கும்" என்றான். அவன் சொல்லாத காரணம் போகப் போகப் புரிந்தது. கையில் ஜிம்பல், மொபைல் ஆடாமல் வீடியோ எடுக்க உதவும் பிடி. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்திக் கையைத் தூக்கிக் கத்தச் சொல்லி ரீல்ஸ் எடுத்தான். படிக்கட்டில் ரீல்ஸ் எடுத்தால் எவன் பார்ப்பான்?

திரும்பிப் போய்விடலாம் என்று சொன்ன எனக்கு, வேன் அந்தப் பக்கம் சுற்றி வர ஒரு மணி நேரமாகும், மற்றவர்களுக்கு லேட்டாகும் என்று பதில். அத்தைதான் "ஏறிடலாம் வாடி, வந்தாச்சு" என்றார். அவர் இந்த வழியையும் பார்த்ததில்லை, அந்த வழியையும் பார்த்ததில்லை.

பாதை எப்படி இருந்தது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிரச்சினை அங்கேதான். முதல் அரை மணி நேரம் சேறு. அதுகூடப் பரவாயில்லை, சேறு கண்ணுக்குத் தெரியும், பார்த்துக் கால் வைக்கலாம். அதற்கு மேலேதான் வினை. மரநிழலில் வெயிலே படாத பாறைகள், மேலே மெல்லிய பாசி, பாசிக்கு மேல் ஈரச் சருகு. பார்த்தால் சருகு மட்டும்தான் தெரியும். மிதித்தால் எண்ணெய் விட்ட தோசைக்கல். இடையிடையே மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போனதில் கல்லெல்லாம் அடியில் பிடிப்பில்லாமல் நின்றது. முன்னால் போகிறவர் மிதித்துத் தள்ளும் கல் பின்னால் வருகிறவர் மேல் வரும். இந்த மாதிரி இடத்தில் ஒருவர் கடந்த பிறகுதான் அடுத்தவர் ஏற வேண்டும், நேர் பின்னால் நிற்கக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவன் முன்னால் போய்க் கேமராவோடு நின்றுகொண்டு "வாங்க வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டு இடத்தில் பாதை பிரிந்தது. இரண்டு இடத்திலும் அவன் கூகுள் மேப்பைத் திறந்தான். டவர் இல்லை. அப்போது எதிரே விறகுச் சுமையோடு இறங்கி வந்த ஒரு அம்மாதான் வழி சொன்னார். அத்தையின் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "மழ பேஞ்ச மறுநாளு நாங்களே இப்படி ஏற மாட்டோம்மா. உங்கள யாரு இட்டாந்தது?" என்றார். பையன் கேட்காத மாதிரி நின்றான். அவர் போகும்போது கையிலிருந்த கம்பை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நாங்கள் கட்டிய பணத்துக்குக் கிடைக்காத சேவை அதுதான், அதுவும் இலவசம்.

இந்தப் பக்கமெல்லாம் சங்க காலத்தில் நன்னன் என்ற மன்னன் ஆண்ட மலைநாடு என்பார்கள். அவனிடம் பரிசில் வாங்கப் போன கூத்தர்களுக்கு வழி சொன்ன சங்கப் புலவர்கூட, பாசி வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள், பாம்புக் குழியைப் பார்த்துப் போ, பன்றிக்கு வைத்த பொறியில் மாட்டிக்கொள்ளாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அனுப்பினார். 2,400 ரூபாய் வாங்காமலே.

கடப்பாறைப் படிக்கு வரும்போது மதியம் இரண்டரை. மேகம் இறங்கி இரும்பெல்லாம் நனைந்திருந்தது. அங்கே கால் வைக்கிற முறை ஒன்று உண்டு. கடப்பாறையின் நுனியில் வைக்காமல் பாறையை ஒட்டிய பக்கம் பாதத்தைக் குறுக்காக வைக்க வேண்டும். சங்கிலியை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தொங்கி இழுக்கக் கூடாது. இதை எங்களுக்குச் சொன்னது வழிகாட்டி இல்லை, குடும்பத்தோடு வந்திருந்த கலசபாக்கத்துக்காரர் ஒருவர். அத்தை ஏறிவிட்டார். சாமியும் பார்த்துவிட்டார், அபிஷேகமும் செய்துவிட்டார். அதில் எனக்குக் குறையில்லை.

இறங்கும்போதும் கடலாடி வழியேதான், வேன் அங்கே நிற்கிறதாம். மற்றவர்களைப் பார்த்துக் கெஞ்சினேன், தென்மாதிமங்கலம் பக்கம் இறங்கிப் படி வழியே போய்விடலாம், ஆட்டோ பிடித்து வேனுக்குப் போகலாம் என்று. பையன் யாருக்கோ போன் போட முயன்றான், கிடைக்கவில்லை, "ரூல்ஸ் இல்ல அக்கா" என்றான். இருட்டத் தொடங்கிய நேரத்தில், அடிவாரத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, அத்தை ஒரு சருகில் கால் வைத்தார். கணுக்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அதில் இரண்டு பேண்ட்எய்ட், மூடி உடைந்த ஒரு ஆயின்மென்ட், தேதி முடிந்த பாராசிட்டமால் ஒரு அட்டை. கிரேப் பேண்டேஜ் கிடையாது. டார்ச் கிடையாது. பையனுடைய மொபைலில் சார்ஜும் கிடையாது, நாள் முழுக்க ரீல்ஸ் எடுத்தால் எப்படி இருக்கும்? என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினோம். கூட வந்த ஐடி பையன்கள் இரண்டு பேர் மாறி மாறித் தோள் கொடுத்து இறக்கினார்கள். அவர்கள் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. போளூரில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிசல். மூன்று வாரம் கட்டு.

இப்போது பணக் கதை. திங்கட்கிழமை போன் செய்தேன். நிர்வாகி ரொம்ப மரியாதையாகப் பேசினார். "நேச்சர்னா ரிஸ்க் இருக்கத்தான் செய்யும் மேடம். மழைக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?" மழைக்கு யாரும் அவரைப் பொறுப்பாக்கவில்லை. படி வழி என்று சொல்லிவிட்டுக் காட்டு வழியில் இறக்கிவிட்டதற்குத்தான் கேட்கிறேன் என்றேன். பாதையை முந்தின நாள் பார்த்த டீம் யார் என்று கேட்டேன். வனத்துறைக் கட்டணம் என்று பில்லில் போட்ட 250 ரூபாய்க்கு ரசீது கேட்டேன். மூன்றுக்கும் பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த ட்ரிப்புக்கு 300 ரூபாய் தள்ளுபடி கூப்பன் வந்தது. அதை நான் அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, என்ன நடந்தது என்று எழுதியதும், குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

இதைச் சின்ன விஷயம், கால் சுளுக்குதானே என்று சிலர் சொன்னார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? சென்னையிலிருந்து கிளம்பிய குழுவும் அதில் இருந்தது. மொத்தம் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு விதிமுறைகளே கொண்டுவந்தது. எங்கள் கதையில் தீ இல்லை, ஈரம்தான் இருந்தது. ஆனால் பாதை எப்படி இருக்கிறது என்று தெரியாத ஒருவன், தெரியும் என்று சொல்லிக் கூட்டத்தைக் காட்டுக்குள் கூட்டிப்போவது பழைய வழக்கமாகத் தொடர்கிறது.

அதனால் நீங்கள் பேசும்போது "சேஃபா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எவனும் "இல்லை" என்று சொல்ல மாட்டான். எந்த ஊரில் இறக்குவீர்கள், எந்த ஊர்ப் பக்கம் இறங்குவோம், அந்த ஊர்க்காரர் யாராவது கூட வருகிறாரா, எத்தனை மணிக்கு மேல் ஏற்ற மாட்டீர்கள், மழை பெய்தால் தேதியை மாற்றுவீர்களா அல்லது பணம் போச்சா என்று கேளுங்கள். போனில் கேட்டாலும், பேசி முடித்ததும் "நீங்கள் சொன்னது இதுதானே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இன்று கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த "ஃபுல்லா ஸ்டெப்ஸ்தான்" ஸ்கிரீன்ஷாட். பர்வதமலைக்குச் சாமி பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ட்ரெக் குழுவே தேவையில்லை. போளூர் வரை பஸ், அங்கிருந்து தென்மாதிமங்கலம், விடியும்போது ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் பாதி தாண்டிவிடலாம். வழியெல்லாம் ஆள் இருப்பார்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், குரங்குக்குத் தெரிகிற மாதிரி பையில் தின்பண்டமும் வேண்டாம்.

காடு பார்க்கத்தான் ஆசை என்றால், 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தைப் பாருங்கள். 14 மாவட்டங்களில் 40 வழிகளோடு தொடங்கினார்கள், எளிது, மிதம், கடினம் என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். அந்தந்தப் பகுதி ஆட்களே வழிகாட்டிகள். சென்னைக்குப் பக்கத்தில், திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை வழியும் அதில் உண்டு. ரீல்ஸுக்கு அவ்வளவு தோதாக இருக்காது, சரி.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்தும் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆன்லைனிலேயே போடலாம். நான் 1915-இல் பதிந்துவிட்டேன், எக்ஸ்ரே பில்லையும் சேர்த்து.

நேற்று அவர்கள் அடுத்த பர்வதமலை ட்ரிப்புக்குப் புது போஸ்டர் போட்டிருக்கிறார்கள். "பிகினர் ஃப்ரெண்ட்லி, எல்லா வயதினருக்கும்" என்ற வரிக்குப் பக்கத்தில், கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார் என் அத்தை. ஏறும்போது அவர்கள் எடுத்த படம். அனுமதி இல்லாமல் போட்ட அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், ஏழு நாள் அவகாசம். அத்தையிடம் காட்டினேன். "படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா எடுக்கச் சொல்லுடி, இதப் பாத்து இன்னொருத்தி கிளம்பிடப் போறா" என்கிறார்.