கார் ராப்பிங் டெம்ப்ளேட்: ஐந்து வருடமாகக் காரிலிருந்தே அளவெடுத்த அனுபவம்

திருச்சியில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் வரைந்தபடி ஸ்டிக்கரை வெட்டித் தரும் 24 இஞ்ச் பிளாட்டர் ஒன்று, ஹீட் கன் இரண்டு, கூடமாட ஒரு தம்பி. ராப்பிங் என்றால் கார் பெயின்ட்டின் மேல் வினைல் என்ற ஸ்டிக்கர் ஷீட்டை ஒட்டுவது. 2020 வரை அந்த வினைலைக் கார் மேலேயே விரித்து, ஓரத்தை பிளேடால் வெட்டித்தான் ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் என் கை கொஞ்சம் அழுந்திவிட, புதுக் காரின் கதவில் பெயின்ட்டோடு கீறல் விழுந்தது. அந்தப் பெயின்ட் செலவை நானே ஏற்றேன். அதன் பிறகுதான் பிளாட்டரில் அளவாக வெட்டி எடுத்து ஒட்டும் முறைக்கு மாறினேன்.

ஆரம்பத்தில் டெம்ப்ளேட் ஃபைல்களை, அதாவது பேனலின் அளவுக்கு வரைந்த வெட்டு அச்சுகளை, காசு கொடுத்து வாங்கினேன். டேஷ்போர்டுக்கு வாங்கிய ஒன்று இடது பக்க ஸ்டீயரிங் காருக்கானது. திருப்பிப் போட்டால் போதும் என்று நினைத்தேன். நடு கன்சோலில் பட்டனும் கப் ஹோல்டரும் நம் காரில் வேறு இடத்தில் இருந்தன. அளவு ஜாக்கெட் இல்லாமல் தைத்த மாதிரி ஆகிவிட்டது. சரி, இனி காரிலிருந்தே அளவெடுப்போம் என்று முடிவு செய்தேன்.

வழி இதுதான். பேனலை ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்துவிட்டு, 2 இஞ்ச் மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி ஒட்ட வேண்டும். அதன்மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு. ஓரத்து இடுக்கில் நகத்தால் அழுத்திவிட்டு, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கோடு தானாகத் தெரியும். உரிப்பதற்கு முன்னால் முன்பக்கம் எது, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு, நீளத்திலும் அகலத்திலும் 100 மி.மீ. கோடு ஒவ்வொன்று ஸ்கேல் வைத்துப் போடுவேன். இந்த இரண்டு கோடுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதல் வருடம் முழுக்க என்னைப் படுத்தியது இந்த டேப்தான். மாஸ்கிங் டேப் சுருக்கம் வைத்த காகிதம். உரிக்கும்போது இழுத்தால் நீண்டுவிடும். நான் எடுத்த பில்லர் (ஜன்னல்களை ஒட்டிக் கூரையைத் தாங்கும் தூண்) அச்சு 2 மி.மீ. கூடுதலாக வந்ததற்கு அதுதான் காரணம் என்று பிடிபடவே பல மாதம் ஆனது. அந்த 100 மி.மீ. கோட்டை உரித்த பிறகு அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது. இப்போது டேப்பின் மேல் ஒரு ஓஹெச்பி ஷீட்டை (கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, இரண்டையும் சேர்த்தே உரிக்கிறேன். நீள்வது நின்றுவிட்டது.

அப்புறம் உரித்த அச்சைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஸ்கேன். பெரிய துண்டு என்றால் தரையில் விரித்து, தள்ளி நின்று ஜூம் பண்ணி நேர் மேலிருந்து போட்டோ எடுப்பேன். கிட்டத்தில் வைத்து எடுத்தால் ஓரங்கள் வளைந்துவிடும். வரைவதற்கான சாஃப்ட்வேரான கோரல் டிராவில், படத்தைத் தானாகக் கோடாக்கும் ஆட்டோ டிரேஸ் வேண்டவே வேண்டாம். அது கோட்டில் நூற்றுக்கணக்கில் நோட் (வளைவைத் தீர்மானிக்கும் புள்ளி) போட்டுவிடும். பிளேடு ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கிப் போய், ஓரம் ரம்பப் பல் மாதிரி வரும். வளைவு மாறும் இடத்தில் மட்டும் நோட் வைத்துக் கையால் வரைந்தால், ஒரு பில்லருக்குப் பத்துப் பன்னிரண்டு நோட் போதும். உள்ளே மடிக்க இடம் இருக்கும் ஓரங்களில் 5 மி.மீ. கூடுதலாக விடுங்கள். மிகச்சரியாக வெட்டினால், வெயிலில் வினைல் சுருங்கும்போது பழைய கலர் கோடாக எட்டிப் பார்க்கும். உருளையில் அழுத்தித் தயாரிக்கும், விலை குறைந்த கேலண்டர்டு வினைலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், திரவமாக ஊற்றித் தயாரிக்கும் காஸ்ட் வினைலில் குறைவு.

முதல் வெட்டு எப்போதும் வேஸ்ட் வினைலில்தான். காரில் வைத்துப் பார்த்துத் திருத்திய பிறகே நல்ல ரோலைத் தொடுவேன்.

கார்பன் டிசைன் (கார்பன் ஃபைபர் நெசவு மாதிரி தெரியும் வினைல்) ஒட்டும்போது ஒரு பாடம் படித்தேன். ரோல் மிச்சமாகட்டும் என்று ஒரு துண்டைக் குறுக்காகத் திருப்பி வைத்து வெட்டினேன். நெசவின் திசை மாறிவிட்டதால், ஒட்டிய பிறகு வெயிலில் பார்த்தால் இடது பில்லர் ஒரு நிறம், வலது ஒரு நிறம். இரண்டையும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். இப்போது எல்லா ஃபைலிலும் திசை அம்பு உண்டு.

எல்லாவற்றுக்கும் டெம்ப்ளேட் போடலாம் என்று நினைக்க வேண்டாம். பில்லர், டேஷ்போர்டு பட்டை, பெட்ரோல் மூடி மாதிரி தட்டையாகவோ ஒரு பக்கம் மட்டும் வளைந்தோ இருக்கும் இடத்துக்குத்தான் அது. பம்பர், சைடு மிரர் போல இரண்டு பக்கமும் வளையும் இடத்தில் வினைலைச் சூடாக்கி இழுத்துத்தான் ஒட்ட முடியும். இழுத்த பிறகு அளவு எங்கே நிற்கும்? அங்கே, வினைலுக்கு அடியில் ஒட்டிவிட்டு உள்ளிருக்கும் நூலை இழுக்கும் நைஃப்லெஸ் டேப்தான். அதன் நூலே வினைலை அறுத்துவிடும், பெயின்ட்டில் பிளேடு படாது. சொந்தக் காருக்கு ஒரே ஒரு தடவை ஒட்டப்போகிறவர்களும் டெம்ப்ளேட்டுக்கு மெனக்கெட வேண்டாம். ஒரே மாடல் திரும்பத் திரும்ப வரும் கடைக்குத்தான் இந்த உழைப்பு கட்டுப்படியாகும்.

ஃபைல் பெயரில் மாடலோடு வருடத்தையும் போடுங்கள். 2018 ஸ்விஃப்ட்டில் பின்கதவுக் கைப்பிடி பில்லருக்குள் இருந்தது. 2024 மாடலில் அது கதவுக்கே திரும்பி வந்துவிட்டது. அதிகம் ஓடிய என் பின்பக்க அச்சு புது வண்டிக்கு உதவவில்லை, மறுபடி டேப் ஒட்டி எடுத்தேன். பழையதை அழிக்கவில்லை. அந்தக் கார்கள் இன்னமும் வாரம் ஒன்றாவது வருகின்றன.