2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

என் டீசல் காருக்கு வயது 14. விற்றால் வரும் பணம் புது வண்டியின் முன்பணத்துக்கே காணாது. வைத்துக்கொண்டால் கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் என்று செலவு இழுக்கும். ஆனாலும் மாதத் தவணைக்கு முன்னால் அது பெரிதில்லை.

15 வருடம் முடிந்தால் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஆர்சியை (பதிவுச் சான்றிதழை) 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிக்கான பசுமை வரி வேறு. அதற்குள் தள்ளிவிடுங்கள் என்கிறார் புரோக்கர். சரி, அவருக்குக் கமிஷன். விற்றாலும் உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டதோடு விட முடியாது. ஆர்சியில் பெயர் மாறும்வரை துரத்த வேண்டும்.

மெக்கானிக் அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். புகை இல்லை, அதாவது இன்ஜின் தேயவில்லை. அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார், துருவும் இல்லை. "கல்லு மாதிரி இருக்கு தம்பி." துரு இருந்திருந்தால் அன்றே விற்றிருப்பேன். இப்போதைக்கு டயர் மட்டும் மாற்றுகிறேன்.