பழைய லேப்டாப்புக்கு டாக் வாங்கப் போகிறவர்களுக்கு: 9,500 ரூபாய் இப்படித்தான் போனது

வேலூர் டவுனில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கிற கடை. பெயர் போடவில்லை. அங்கே வாங்கிய டாக்கிங் ஸ்டேஷன் (ஒரே கேபிளில் லேப்டாப்போடு மானிட்டர், கீபோர்டு எல்லாம் இணைக்கிற பெட்டி, சுருக்கமாக டாக்) ஆறு நாளாக மேஜை மேல் வெறும் யூஎஸ்பி ஹப்பாகக் கிடக்கிறது. போன பணம் 9,500 ரூபாய். டாக் 8,650, கன்வெர்ட்டர் 350, பிறகு "கேபிள்தான் கோளாறு" என்று தலையில் கட்டிய கேபிள் 500. எந்த லேப்டாப்புக்கு எந்த டாக் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

லேப்டாப் 2014 மாடல். இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ5, நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட் (வழக்கமான ஏ-டைப்) இரண்டு, ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ. டைப்-சி கிடையாது. கடையில் வாய் திறந்ததுமே இதைத்தான் சொன்னது. கேள்வியும் சுற்றி வளைக்காத கேள்வி (டிஸ்ப்ளேலிங்க் என்பது சாதாரண யூஎஸ்பி வழியாகவே மானிட்டருக்குப் படம் கொண்டுவருகிற சிப்): "அண்ணா, டைப்-சி இல்லாத லேப்டாப். டிஸ்ப்ளேலிங்க் சிப் இருக்கிற டாக்தான் வேணும். இது அதுவா?"

"அதேதான் சார், டிஸ்ப்ளேலிங்க்தான். இந்த ஏ-டு-சி கன்வெர்ட்டர் மாட்டிக்கினா எந்த லேப்டாப்லயும் ரெண்டு ஸ்கிரீன் வரும்."

சொன்னதோடு விடவில்லை, மாட்டியும் காட்டினார். கவுண்டர் மேல் இரண்டு மானிட்டரும் பளிச்சென்று வந்தன. மவுஸ் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போனது. நம்பிப் பணத்தை எடுத்தது அந்த நிமிஷம்தான். அவர் மாட்டியது கடையின் புது லேப்டாப்பில், நேராக அதன் டைப்-சி போர்ட்டில். கன்வெர்ட்டரைக் கவரிலிருந்து எடுக்கவே இல்லை. அது கண்ணில் பட்டும் உறைக்கவில்லை.

வீட்டில் கன்வெர்ட்டர் வழியாக மாட்டினால் கீபோர்டு வேலை செய்கிறது, லேன் வேலை செய்கிறது, பென் டிரைவ் வேலை செய்கிறது. இரண்டு மானிட்டரிலும் 'நோ சிக்னல்'. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டாக்கைச் சேர்ந்த ஒவ்வொன்றின் ப்ராபர்ட்டீஸில் டீடெயில்ஸ் போய் ஹார்டுவேர் ஐடி பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. ஹப்புக்கு விஐடி (தயாரிப்பாளர் எண்) 2109, லேனுக்கு 0பிடிஏ. டிஸ்ப்ளேலிங்க் சிப் என்றால் விஐடி 17ஈ9 இருந்தே ஆக வேண்டும். இல்லை. பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

இது டைப்-சி வழியாக டிஸ்ப்ளேபோர்ட் என்ற பட சிக்னலை வாங்கி இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிற டாக். படத்தை உருவாக்குவது லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப். டாக்கின் வேலை கடத்துவது மட்டும். டைப்-சியில் 24 பின், அதிவேக ஜோடிக் கம்பிகள் நான்கு. அவற்றில் இரண்டோ நான்கோ படத்துக்குப் போகும். யூஎஸ்பி 3.0 ஏ-டைப்பில் 9 பின்தான், அதிவேக ஜோடி இரண்டே, இரண்டும் டேட்டாவுக்கே சரி. படம் அனுப்பலாமா என்று லேப்டாப்பும் டாக்கும் பேசிக்கொள்கிற சிசி பின் ஏ-டைப்பில் கிடையவே கிடையாது. கம்பியே இல்லாத இடத்தில் எந்த டிரைவரும் படத்தைக் கொண்டுவர முடியாது. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் வேறு வகை. லேப்டாப்பில் போடுகிற டிரைவர் திரைப் படத்தைச் சுருக்கிச் சாதாரண டேட்டாவாக அனுப்பும், டாக்கில் உள்ள சிப் அதைத் திரும்பப் படமாக்கும். அதனால்தான் அதற்கு ஏ-டைப் போதும்.

மறுநாள் போன் செய்தால், "டிரைவர் போட்டீங்களா சார்?" எந்த டிரைவர் என்று கேட்டால் பதில் இல்லை. நேரில் போனால், "கேபிள்தான் சார் கோளாறு." அதற்கு 500 ரூபாய். மூன்றாம் முறை, "உங்க லேப்டாப் பழசு சார், இன்னா பண்றது?" பழசு என்று சொல்லித்தானே வாங்கியது! நான்காம் முறை, "பெட்டியப் பிரிச்சிட்டீங்க, ஓனர் ஊர்ல இல்ல, வந்ததும் பேசிக்கினு சொல்றேன்." பிறகு போனை எடுப்பதே இல்லை. பெட்டியைப் பிரிக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது? 9,500 ரூபாய்! ஒரு மானிட்டரே வாங்கியிருக்கலாம்.

இவ்வளவு எழுதியதில் நேரம் போய்விட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

டைப்-சி இல்லை, ஆனால் டாக் வழியாகத்தான் திரை வேண்டும் என்றால் டிஸ்ப்ளேலிங்க் டாக் பாருங்கள். சிப் நம்பரைக் கேளுங்கள். டிஎல்-6950 என்றால் இரண்டு 4கே வரை வரும். நீல யூஎஸ்பி 3.0 போர்ட்டிலேயே மாட்டுங்கள், கறுப்பு 2.0 போர்ட்டில் திரை இழுத்து இழுத்து நகரும். படத்தைச் சுருக்குகிற வேலை பிராசஸர் மேல் விழுவதால் எக்செல், டேலிக்குச் சரி, வீடியோ எடிட்டிங்குக்கு வேண்டாம்.

டைப்-சி இருந்தாலும் ஏமாறாதீர்கள். பழைய லேப்டாப் பலவற்றில் அது டேட்டாவுக்கு மட்டும். போர்ட் பக்கத்தில் மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட்டின் 'டி', 'பி' சேர்ந்த குறியோ இருக்கிறதா பாருங்கள். குறி போடாமலேயே படம் தருகிற மாடலும் உண்டு, அதனால் மாடல் நம்பரை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் சரிபாருங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரித்துக் கொடுக்கிற வகையில் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வரும்.

டாக்கே தேவையில்லாமலும் போகலாம். இன்டெல் 4ஆம் தலைமுறை முதல் பெரும்பாலும் மூன்று திரை தாங்கும். எச்டிஎம்ஐயில் ஒன்று, விஜிஏவில் ஒன்று மாட்டி, விண்டோஸ் கீயும் பி-யும் அழுத்தி எக்ஸ்டென்ட் கொடுங்கள். விஜிஏவில் எழுத்து கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இந்த லேப்டாப்பும் இப்போது அப்படித்தான் ஓடுகிறது. 2ஆம் தலைமுறை என்றால் லேப்டாப் திரையையும் சேர்த்து இரண்டுதான். எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்காதீர்கள், ஒரே படத்தை இரண்டிலும் காட்டும்.

கடைக்கு உங்கள் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போங்கள், அதில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் திரும்ப எடுக்கும் காலம் எதுவும் போடாத கடை, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 5 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. 9,500 ரூபாய்க்கான புகார் இன்றே போகிறது.

இந்த பில்லில் 'யூஎஸ்பி டாக் - 1' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் வாங்கும்போது 'டிஸ்ப்ளேலிங்க்' என்று சிப் நம்பரோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பணத்தை எடுக்காதீர்கள்.