சும்மா சுற்றும் ஃபோர்க் அடிபோல்ட்: ஸ்பிரிங்கா, இம்பாக்ட்டா, கட்டையா?

மலை ரோட்டில் ஓடும் பைக்குக்கு முன் ஃபோர்க் ஆயில் சீல் சீக்கிரம் ஒழுகும். ஊட்டி-மசினகுடி ரோட்டில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால், என்னதான் சின்ன கியரில் வந்தாலும் பாரம் முன்னால்தான் விழும். சீல் மாற்றப் போனால் வழி மறிப்பது ஃபோர்க்கின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது). திருகத் திருகச் சுற்றும். வெளியே மட்டும் வராது.

மரை போய்விட்டது என்று பதற வேண்டாம். அந்த போல்ட் ஏறியிருப்பது உள்ளே நிற்கும் டாம்பர் ராடில், அதாவது ஆட்டத்தை அடக்கும் குழாயில். ராடுக்குத் தனிப் பூட்டு கிடையாது, ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் பிடி. பழைய லாக்டைட்டும் (மரையைப் பிடிக்கும் பசை) துருவும் சேர்ந்து போல்ட் இறுகினால் ராடும் கூடவே சுற்றும்.

எந்த வழிக்கும் முன்னால் போல்ட் குழியில் இறுகிய செம்மண்ணைக் கோணி ஊசியால் நோண்டி எடுங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு 6 மி.மீ. ஆலன், 10 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. ஆலன் வழக்கம். அடிவரை இறங்காத ஆலனைத் திருகினால் குழி உருண்டுவிடும், அப்புறம் வேலை இரண்டாகும்.

செலவில்லாத வழி ஸ்பிரிங். மேல் மூடியைத் திறக்கும் முன்பே போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். ஃபோர்க்கைக் கழற்றிவிட்டீர்களா? மூடியோடு தலைகீழாக்கி மரக்கட்டை மேல் நிறுத்தி, ஒருவர் ஃபோர்க்கை நன்றாக அமுக்க, இன்னொருவர் ஆலனை வெடுக்கென்று திருகட்டும். ஸ்பிரிங் அமுங்க அமுங்க ராடின் பிடி கூடும். ஸ்பிரிங்கை உருவிப் போட்டுவிட்டுப் போல்ட்டோடு மல்லுக்கட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு.

இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் பெரும்பாலும் சில நொடி வேலை. அது தட்டித் தட்டித் திருகுவதால் ராடு சுற்றத் தொடங்கும் முன்பே போல்ட் விட்டுக்கொடுத்துவிடும். பிட் மட்டும் இம்பாக்ட்டுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். சாதா ஆலன் பிட் தெறித்துவிடும். விட்டு விட்டு அடியுங்கள். கீழே தட்டு வையுங்கள், போல்ட் தளர்ந்ததும் ஆயில் கொட்டும்.

கட்டை வழி மூன்றாவதுதான். மூடி, ஸ்பிரிங், ஆயில் எல்லாம் எடுத்துவிட்டு, முனை சீவிய நீளக் கம்பை ராடின் தலையில் இறுக்கிச் செருகிப் பிடிக்க வேண்டும். மலையில் காய்ந்த யூக்கலிப்டஸ் கம்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆயில் பட்ட ராடில் எந்தக் கம்பும் வழுக்கும். ராடின் தலையில் அறுகோணக் குழி இருந்தால், அதற்குப் பொருந்தும் நட்டை நீளக் கம்பியில் வெல்டு வைப்பது மேல். கம்பின் சிலாம்போ நாரோ மிச்சமிருந்தால் கழுவி எடுங்கள், ராடின் துளையை அடைக்கும்.

வெல்டிங் டார்ச்சால் சூடேற்றுவது வேண்டவே வேண்டாம்: உள்ளே ஆயில், வெளியே அலுமினியம்.

எதற்கும் அசையாவிட்டால் போல்ட் தண்டின் அளவு டிரில்லால் தலையை மட்டும் அறுத்தெடுங்கள். ஃபோர்க்கின் அடிக்குழாய் தனியே வந்ததும் மிச்சத் தண்டை வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) திருகலாம்.

பூட்டும்போது புது போல்ட், புது காப்பர் வாஷர், நடுத்தர லாக்டைட் ஒரு சொட்டு. அப்போதும் ராடு சுற்றும். ஸ்பிரிங்கையும் மூடியையும் தற்காலிகமாகப் போட்டு, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கிவிட்டு, பிறகு திறந்து ஆயில் ஊற்றுங்கள்.